ஒரு பூவுக்கு ஆகும் நேரம்

ஜூன் 2

காலையில் தண்ணீர் வரவில்லை. நேற்றும் வரவில்லை.

குழந்தை ஷூ ஆர்டர் ஒன்று ரத்து. “ஆன்லைன்ல பாதி வெலைக்குக் கெடைக்குது சிஸ்” என்று ஒரு செய்தி. கூடவே ஓர் இதயப் படம். பின்னி முடித்த ஷூ மேசைமேல் இருக்கிறது. வலது எது இடது எது என்று தெரியாத வயதுக்கான ஷூ. யாருடைய காலுக்கும் இல்லாமல் அது அங்கே இருப்பதைப் பார்க்கப் பிடிக்கவில்லை. அலமாரியில் வைத்தேன். பிறகு எடுத்து மறுபடி மேசைமேல் வைத்தேன்.

குரோஷா போட்டுப் பிழைக்கிறேன். இந்த வாக்கியத்தைச் சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன். எதிரொலிக்கும் அளவுக்கு அறை பெரிதில்லை. ஒரு கொக்கி ஊசி, நூல்கண்டுகள், நான். தத்துவத்தில் எம்.ஏ. முடித்தவளுக்கு இதற்குமேல் என்ன மூலதனம் வேண்டும்.

அம்மா தீபாவளி வரை கெடு வைத்திருக்கிறாள். அதற்குள் இதில் நிற்க முடியவில்லையென்றால் திருப்பூரைக் காலி செய்துவிட்டுத் தாராபுரம் திரும்ப வேண்டும். பி.எட். சேர வேண்டும். அதற்கு அடுத்ததை அம்மா சொல்லவில்லை. சொல்லத் தேவையுமில்லை.

மாலையில் ஒரு போன். ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனி. பெண் குழந்தைகளின் கவுனில் வைத்துத் தைக்க நூலில் பின்னிய பூ வேண்டுமாம். துணி வாங்கும் வெளிநாட்டு பையர் கேட்டிருக்கிறார். எந்த மெஷினிலும் இந்தப் பின்னல் வராது என்று இப்போதுதான் அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. வெள்ளிக்கிழமை வரச் சொன்னார்கள்.

ஜூன் 5

சாம்பிள் ரூம் மாடியில். கீழே ஓவர்லாக் தையல் மெஷின்களின் சத்தம் தரை வழியாகக் காலுக்கு ஏறுகிறது. ஜன்னல் கம்பிகளில் பஞ்சுத் தூசி ரோமம்போலப் படிந்திருக்கிறது.

ஒரு போட்டோவைக் காட்டினார்கள். ஐந்து இதழ், நடுவில் ஒரு வட்டம். பார்த்ததும் கைக்குப் புரிந்துவிட்டது. ஒன்று போட்டுக் கொடுத்தேன். பிடித்துவிட்டது.

பிறகு ஒருவர் வந்தார். யுகேந்திரன். டைம் ஸ்டடி பார்ப்பவர். ஒரு வேலையைச் செய்ய ஓர் ஆளுக்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று பக்கத்தில் நின்று பார்த்து எழுதுவது அவருடைய வேலை. அந்த நேரத்தை வைத்துத்தான் பீஸ் ரேட், அதாவது ஒரு பீஸுக்கு இவ்வளவு கூலி என்று, போடுவார்கள். இதை அவரே சொன்னார். நானும் கேட்டுக்கொண்டேன்.

“ஒரு பூ போடுங்க மேடம். நான் ஒண்ணும் பேச மாட்டேன். பாத்துட்டு மட்டும் இருப்பேன்.”

ஒரு போனை என் கைக்கு நேராக நிறுத்தி வைத்தார், வீடியோவுக்கு. இன்னொன்றில் கடிகாரம். பிறகு பார்த்தார்.

யாரும் இதுவரை என் கையைப் பார்த்ததில்லை. கருத்தரங்கில் வாயைப் பார்ப்பார்கள். பெண் பார்க்க வந்த ஒரே குடும்பம் முகத்தைப் பார்த்தது, பிறகு அப்பாவின் தோப்பைப் பார்த்தது. இவர் கண் ஊசியின் நுனியில் ஏறி, நூலோடு இறங்கி, விரலில் வந்து நின்றது. அங்கேயே இருந்தது.

“இன்னொண்ணு போடுங்க மேடம்.”

போட்டேன்.

“இன்னும் ஒண்ணேயொண்ணு.”

மூன்றாவது பூவை முடித்து நூலைக் கத்தரித்ததும் கடிகாரத்தை நிறுத்தினார்.

“எங்கீங்க கத்துக்கிட்டீங்க?”

“ஹாஸ்டல்ல. தூக்கம் வராதப்ப.”

“பத்து வருஷம் ஓவர்லாக்குல உக்காந்தவங்களப் பாத்திருக்கறேன். இந்த வேகத்தப் பாத்ததில்லீங்க.”

மூன்றாவது பூவின் நேரத்தைச் சொன்னார். அந்த எண்ணை இங்கே எழுதப் போவதில்லை. அவர் போட்டிருந்த சட்டையின் நிறம் முதலானவற்றையும் எழுதத் தேவையில்லை. இளநீலம்.

ஜூன் 6

வேண்டுமென்று வேகமாகப் போடவில்லை. கை ஓடியது. அவ்வளவுதான்.

ஜூன் 11

சாம்பிள் பாஸ். ஆர்டர் பெரிது. வீட்டிலிருந்து வேலை செய்யும் பெண்களைச் சேர்த்து, அவர்களுக்கு நான் சொல்லிக்கொடுத்து, வரும் பூக்களைச் சரிபார்க்க வேண்டும். எனக்கு மாதச் சம்பளம். பெண்களுக்குப் பூவுக்கு இவ்வளவு என்று கூலி. எவ்வளவு என்று பிறகு சொல்வார்களாம்.

அம்மாவுக்குப் போன் செய்தேன்.

“சம்பளமா? எந்த ஸ்கூல்ல?”

“ஸ்கூல் இல்லம்மா. கம்பெனி. குரோஷா.”

“அதுக்குச் சம்பளம் தர்றாங்களா? பி.எஃப். புடிப்பாங்களா?”

தெரியாது என்றேன். பி.எஃப். பிடித்தால்தான் வேலை என்று அம்மா நினைக்கிறாள். அடுத்தவருக்கு விளக்க முடிந்தால்தான் வாழ்க்கை என்று நான் நினைக்கிறேன். இரண்டில் எது மோசம் என்று தெரியவில்லை. போனை வைத்துவிட்டு இரண்டு தெரு நடந்தேன். திரும்பி வந்தேன். மறுபடி நடந்தேன்.

ஜூன் 14

ஹவுசிங் போர்டில் கலாமணி அக்காவின் வீடு. இரண்டாவது மாடி. இங்கேதான் பெண்கள் கூடுகிறார்கள். இருபது பேருக்குமேல். படியிலும் சிலர் உட்கார்ந்துகொண்டார்கள்.

கலாமணி அக்காவுக்கு நாற்பது வயது இருக்கலாம். பனியன் கம்பெனியில் செக்கிங்கில் இருந்தவர். நாள் முழுக்க நின்றுகொண்டே துணியில் ஓட்டையும் கறையும் தேடும் வேலை. பஞ்சுத் தூசி நெஞ்சில் இறங்கி மூச்சு வாங்க ஆரம்பித்ததும் போன வருடம் நின்றுவிட்டார். பேச்சுக்கு நடுவே இடுப்பிலிருந்து மருந்துக் குழலை எடுத்து வாயில் வைத்து ஓர் இழுப்பு இழுக்கிறார். பிறகு விட்ட இடத்திலிருந்து தொடர்கிறார். மறுபடி அந்தத் தூசிக்குப் போகாமல் வீட்டிலிருந்தே சம்பாதிக்க வேண்டும். அவருக்கு வேண்டியது அது ஒன்றுதான். அதை எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார்.

“நீ என்ன படிச்சிருக்கற கண்ணு?”

“எம்.ஏ., அக்கா. தத்துவம்.”

“எம்.ஏ. படிச்சுப்போட்டு ஊசியப் புடிச்சிருக்கற. நாங்க படிக்காமயே புடிச்சுட்டோம். எங்களுக்குப் படிப்புச் செலவு மிச்சம்.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

முதல் நாளே ஐந்து பேர் வட்டம் போட்டுவிட்டார்கள். கலாமணி அக்காவின் இதழ்கள் தடிமனாக இருக்கின்றன. நூலை இறுக்கிப் பிடிக்கிறார். தளர்த்தச் சொன்னேன். “இறுக்கிப் புடிச்சே பழகிப்போச்சு” என்றார்.

ஜூன் 20

பெண்கள் பூக்களைக் கொண்டுவருகிறார்கள். நன்றாகவே வருகிறது.

குரோஷாவில் எந்தக் கணத்திலும் ஒரே ஒரு கண்ணிதான் உயிரோடு இருக்கும், ஊசியில் மாட்டியிருப்பது. அதற்கு முன்னால் போட்டவை எல்லாம் முடிந்தவை. ஊசியை எடுத்துவிட்டு நுனியை இழுத்தால் முடிந்தவையும் இல்லாமல் போகும். இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதலாம். யாருக்கு என்று தெரியவில்லை.

கேஸ் சிலிண்டர் புக் செய்தேன்.

யுகேந்திரன் பூக்களை எடுத்துப்போக வந்தார். அது அவருடைய வேலை இல்லை. இந்தப் பக்கமாக வந்தாராம்.

ஜூன் 27, சனி

ரேட் வந்துவிட்டது.

கம்பெனியிலிருந்து வந்த ஆள் கலாமணி அக்கா வீட்டு வாசலில் நின்றபடியே சொன்னான். உள்ளே குக்கர் விசில் அடித்தது. ஒரு பெண் விரல்விட்டுக் கணக்குப் போட்டுவிட்டு விரல்களை மடக்கிக்கொண்டாள். ஒரு நாள் முழுக்கக் குனிந்தாலும் செக்கிங் கூலியில் பாதி தேறாது.

“ஒரு பூவுக்கு இவ்வளவு நேரந்தான் ஆகும்னு டைம் ஸ்டடில வந்திருக்குதுங்க்கா” என்றான்.

“ஆருக்கு ஆகும்?” என்று கேட்டார் கலாமணி அக்கா.

அவனுக்குத் தெரியவில்லை. வீடியோ இருக்கிறது, குரூப்பில் போட்டிருக்கிறார்கள், அதைப் பார்த்துப் போட்டால் வேகம் வரும் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

ஒரு போனைச் சுற்றி எல்லோரும் குனிந்தார்கள். கை மட்டும். முகம் இல்லை.

“கொத்து பரோட்டா மாஸ்டரு கையாட்ட ஓடுது பாரு.”

“ஓட்டி வுட்டிருப்பாங்க. போன்ல வெசையா ஓட்டலாம், என்ற பையன் பண்ணுவான்.”

“எந்த மவராசியோ. நல்லா இருக்கட்டும். இவ கையால எங்க வவுத்துல அடிச்சுப்போட்டா.”

கலாமணி அக்கா இரண்டு வாரமாக என் பக்கத்தில் உட்கார்ந்து இந்தக் கையைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டார். போனைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் கையைத் துப்பட்டாவுக்குள் இழுத்துக்கொண்டேன்.

“பால் பொங்குது” என்று எழுந்து போனார்.

அடுப்பில் பால் இல்லை.

ஜூன் 28

துணி துவைத்தேன். மழை வந்தது. துணியை உள்ளே எடுத்தேன். மழை நின்றது.

நேரத்தைப் போட்டது கம்பெனி. ரேட்டைப் போட்டதும் கம்பெனி.

ஜூலை 2

பஸ் ஸ்டாண்ட் பக்கத்து பேக்கரி. யுகேந்திரன்தான் கூப்பிட்டார். ‘மேடம்’ போய்ச் ‘சுபாஷிணி’ வந்து, ‘சுபாஷிணி’ போய்ச் ‘சுபா’ ஆகியிருக்கிறது. எந்த நாளில் என்று நான் குறித்துக்கொள்ளவில்லை.

தேங்காய் பன் வாங்கிவைத்தார். தொடவில்லை. ரேட் பற்றிக் கேட்டேன்.

“எங்க கணக்குல ரேட்டிங்னு ஒண்ணு இருக்குதுங்க” என்றார். “நாங்க பாக்கற ஆளு சாதாரண ஆளவிட வேகமா இருந்தா, அதுக்குத் தக்கன நேரத்தக் கூட்டிப் போடோணும். இல்லீன்னா மத்தவங்களால அந்த நேரத்துல முடிக்க முடியாது.”

“எனக்கு எவ்வளவு கூட்டுனீங்க?”

டீயை ஆற்றினார். அது ஏற்கனவே ஆறியிருந்தது.

“கூட்டலீங்க. நார்மல்னு போட்டுட்டேன்.”

“நார்மல்.”

“அப்பத்தான் பையர் சொன்ன வெலைக்கு வருமுங்க. இல்லீன்னா ஆர்டரு வேற ஊருக்குப் போயிருக்கும். மேனேஜர் சொன்னாரு, போட்டேன். உங்க கை நார்மல் இல்லீன்னு எனக்குத் தெரியாதுங்களா?”

“தெரிஞ்சுதான் போட்டிருக்கீங்க.”

“ஆமாங்க.”

ஒரு பேச்சுக்காகவாவது மறுத்திருக்கலாம்.

இருபது பெண்களுக்குமேல் இதனால் பாதிக்கப்படுகிறார்கள். கலாமணி அக்காவின் மூச்சு இதில் இருக்கிறது. இது உழைப்புச் சுரண்டல். படிக்கும்போது இதற்கென்று தனித் தாள் இருந்தது, நல்ல மதிப்பெண் எடுத்தேன். கோபம் இதற்காகத்தான்.

நார்மல்.

மூன்று பூ போட வைத்துப் பார்த்துவிட்டு. அவ்வளவு நேரம் பார்த்துவிட்டு.

ஜூலை 3

நார்மல் என்ற சொல்லுக்குத் தமிழில் என்ன என்று யோசித்தேன். சாதாரணம். இயல்பு. வழக்கம். எல்லாமே அதைவிட மரியாதையாக இருக்கின்றன.

ஜூலை 5

பெண்கள் குறைந்துவிட்டார்கள். இன்று எட்டுப் பேர்தான். கலாமணி அக்கா கையிலிருந்த பூக்களைக் கொடுத்துவிட்டு மிச்ச நூல்கண்டுகளையும் பையில் போட்டு என் முன்னால் வைத்தார்.

“வர்ற வாரத்துக்கு அடுத்த திங்கக்கெழமலேர்ந்து செக்கிங்குக்கே போறன் கண்ணு. பழைய சூப்பருவைசரு வரச் சொல்லிப்போட்டாரு.”

“தூசி ஆகாதேக்கா.”

“மூக்குல துணியக் கட்டிக்க வேண்டீதுதான். பையன் பாலிடெக்னிக்குல சேரோணும். பூவு போட்டு எப்ப சேக்கறது?”

அவர் பேசுவதைக் கேட்பதைவிடப் பேச்சுக்கு நடுவே அவர் மூச்சைக் கேட்டுக்கொண்டிருந்தேன். உள்ளே எங்கோ ஒரு கதவு சரியாகச் சாத்தாததுபோல ஒரு விசில்.

“ஒண்ணு கேக்கட்டா?” என்றார். “அந்தக் கை உன்றதுதானே?”

“ஆமாக்கா.”

“அன்னைக்கே தெரியும். ஏங் கண்ணு அப்புடி ஓட்டுன? ஆரு தொரத்துனா?”

“யாரும் தொரத்தல.”

“அப்ப ஆரு பாத்தா?”

தண்ணி லாரி வந்துவிட்டது. எல்லோரும் குடத்தை எடுத்துக்கொண்டு ஓடினார்கள். நானும் ஒரு குடத்தை எடுத்துக்கொண்டு ஓடினேன். அது யாருடைய குடம் என்றுகூடப் பார்க்கவில்லை.

ஜூலை 7

சாம்பிள் ரூம். யுகேந்திரன் இருந்தார். வேறு யாரும் இல்லை.

“மறுபடி ஒருக்கா டைம் பாருங்க” என்றேன்.

“நீங்க மொள்ளப் போட்டுக் காட்டலாம்னு பாக்கறீங்க. அது எங்களுக்குத் தெரிஞ்சுருமுங்க. கை மொள்ளப் போவும், கண்ணு மட்டும் முன்னாடியே ஓடிரும். எத்தன பேரப் பாத்திருக்கறேன்.”

“மொள்ளப் போட மாட்டேன். என் வேகத்துலயே போடறேன். ஆனா மூணு பூ இல்ல. ஒரு நாள் முழுக்க. காலைலேர்ந்து பொழுதோட வரைக்கும், கலாமணியக்கா வீட்டுல. அவங்க எப்படிப் போடறாங்களோ அப்படி. என்ன நேரம் வருதோ அத எழுதுங்க. நார்மல்னே போட்டுக்கங்க.”

பேனாவை மூடித் திறந்தார்.

“ஒரு நாள் முழுக்கப் பாக்கோணும்னு எங்க பாடத்துலயே இருக்குதுங்க. ஆரும் பாக்கறதில்ல. ஆரு உக்காந்திருக்கறது?”

“நீங்க உக்காருவீங்களா?”

ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொன்னார். சரியாக எழுதிய நேரம் கையில் இருந்தால் மேனேஜரிடம் பேச முடியும், ரேட்டை மாற்றிக் கையெழுத்து வாங்க முடியும் என்றார். நார்மல் என்று போட்டது அவருக்கும் உறுத்திக்கொண்டுதான் இருக்கிறதாம்.

இது பெண்களுக்காக.

ஒரு நாள் முழுக்க.

ஜூலை 9

தலைக்குக் குளித்தேன். இன்று வியாழக்கிழமை. ஒரு காரணமும் இல்லை.

ஜூலை 10

ஒரு புத்தகத்தில் ஒரே பக்கத்தை மாலை முழுவதும் படித்தேன். எது பற்றிய பக்கம் என்று கேட்டால் தெரியாது.

ஜூலை 11

பச்சைச் சுடிதாரை இஸ்திரி போட்டேன். பூ போட உட்காருகிறவள் எதற்கு இஸ்திரி போட்டதை உடுத்த வேண்டும் என்று மடித்து வைத்தேன். சாம்பல் நிறத்தை எடுத்தேன். அது கசங்கியிருந்தது. அதையும் இஸ்திரி போட்டேன்.

ஜூலை 12, ஞாயிறு

காலை எட்டு மணிக்கெல்லாம் யுகேந்திரன் வந்துவிட்டார். பிளாஸ்டிக் நாற்காலியைச் சுவரோரம் போட்டுக்கொண்டார். நான் பாயில். கலாமணி அக்கா அடுப்படியில். கணவர் சாயப்பட்டறையில் ஞாயிறு ஷிப்ட். பையன் எங்கோ போயிருந்தான்.

முதல் பூ ஓடியது. இரண்டாவதும் ஓடியது. அவர் பார்த்தார், அன்றைக்குப் பார்த்ததுபோலவே. நூல் விரலில் ஏறி இறங்கும் ஒவ்வொரு முறையும் அந்தப் பார்வை தெரிந்தது. நான் நிமிரவில்லை.

“இப்புடியே போச்சுன்னா பழைய ரேட்டேதான் வரும்” என்று அடுப்படியிலிருந்து குரல் வந்தது. “கண்ணு, ஊசிய வெச்சுப்போட்டு எந்திரி. தண்ணி வந்திருச்சு.”

“நான் பூ...”

“இந்நேரத்துக்கு நான் தண்ணி புடிப்பன். நாங்க எப்புடிப் போடறமோ அப்புடிப் போடறன்னுதானே சொன்ன? புடி.”

கீழே போய்ப் பிடித்தேன். இரண்டு மாடி. நான்கு நடை. யுகேந்திரன் கடிகாரத்தை நிறுத்தப் போனார்.

“நிறுத்தாதீங்க தம்பி. எங்களுக்கு ஆரும் நிறுத்தறதில்லீங்.”

அவர் நிறுத்தவில்லை. மேலே வந்தபோது கை ஈரம். துடைத்துவிட்டு எடுத்தால் நூல் விரலில் ஒட்டியது. ஒரு பூ. கலாமணி அக்கா அரிசி களைந்து வைக்கச் சொன்னார். இன்னொரு பூ. பக்கத்து வீட்டுக் குழந்தையை அரை மணி நேரம் பார்த்துக்கொள்ளச் சொல்லி விட்டுவிட்டுப் போனார்கள். அது நூல்கண்டை உருட்டிக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போனது. கட்டிலுக்கு அடியில் நானும் போனேன். வெளியே வரும்போது தலையெல்லாம் ஒட்டடை. யுகேந்திரன் சிரித்துவிட்டார். நானும் சிரித்திருக்க வேண்டும்.

“தம்பிக்குச் சாப்பாடு போடு கண்ணு. ஒறம்பரை வந்தா நாந்தானே போடறன்.”

போட்டேன். கத்தரிக்காய்க் குழம்பு. அவர் குனிந்து சாப்பிட்டார். இன்னும் கொஞ்சம் ஊற்றட்டுமா என்று கேட்டேன். அந்தக் கேள்வியை என் வாயிலிருந்து கேட்க எனக்கே வினோதமாக இருந்தது. போதும் என்று கையால் இலையை மறைத்துக் காட்டினார். கலாமணி அக்கா என்னைப் பார்த்தார். எதற்கென்று தெரியவில்லை.

சாப்பாட்டுக்குப் பிறகு கரண்ட் போனது. மின்விசிறி நின்றது. மொட்டை மாடிச் சூடு கூரை வழியாக இறங்கியது. கழுத்தில் ஓடிய வியர்வை ஊசியில் சொட்டியது. கட்டை விரலடியில் ஆரம்பித்த வலி மணிக்கட்டுக்கு வந்து முழங்கைக்குப் போனது. ஓர் இதழ் கூடிவிட்டது. ஆறு இதழ். நுனியை இழுத்தேன். வட்டம் வரைக்கும் அவிழ்ந்தது. மறுபடி ஆரம்பித்தால் கண்ணி நழுவியது. மறுபடி.

நிமிர்ந்து பார்த்தேன். அவர் என் கையைப் பார்க்கவில்லை. சுவரில் சாய்ந்து ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். பூ முடியும் சத்தம் என்று ஒன்று இல்லை. “முடிஞ்சுதுங்க” என்று நான் சொன்ன பிறகுதான் திரும்பி நேரத்தை எழுதினார். அடுத்ததற்கும் அப்படித்தான்.

பார்க்க இனி ஒன்றும் இல்லை. ஒரு கை. ஒரு ஊசி. எல்லோருடையதும்போல.

நான்கு மணிக்குமேல் அவருக்குப் போன் வந்தது. எழுந்து வாசலுக்குப் போனார். கதவு திறந்தே இருந்தது.

“இல்லம்மா, வேலயாத்தான் வந்திருக்கறேன். சொன்னனில்ல. ஆமா. மாமாகிட்டயே கேட்டு மண்டபத்துக்கு அட்வான்ஸ் குடுத்துருங்க. அவளுக்குப் புடிச்சா எனக்குஞ் சரி.”

உள்ளே வந்தார். கலாமணி அக்கா டீ டம்ளரை நீட்டினார்.

“வூட்டுல விசேஷமுங்களா தம்பி?”

“கல்யாணமுங்க்கா. ஆவணில. கோபிச்செட்டிபாளையத்துப் பொண்ணு.”

“நல்லதாப் போச்சு. பொண்ணு என்ன பண்ணுது?”

“ஸ்கூல்ல டீச்சருங்க.”

நான் ஊசியில் கண்ணி எடுத்தேன். முதல் இதழ். கரண்ட் இன்னும் வரவில்லை. வெளிச்சமும் குறைந்துகொண்டிருந்தது, கண்ணி சரியாகத் தெரியவில்லை. இரண்டாவது இதழில் எத்தனை போட்டேன் என்பதை விட்டுவிட்டேன். எண்ணினேன். மறுபடி விட்டுவிட்டேன். எழுந்து தண்ணீர் குடித்தேன். வந்து உட்கார்ந்தேன். மூன்றாவது இதழ். கீழே யாரோ ஸ்கூட்டரை உதைத்து உதைத்து ஸ்டார்ட் செய்துகொண்டிருந்தார்கள். அது ஸ்டார்ட் ஆகும்வரை காத்திருந்தேன். ஏன் காத்திருந்தேன் என்று தெரியாது. நான்காவது. ஐந்தாவது. நூலைக் கத்தரிக்கக் கத்தரிக்கோலைத் தேடினேன். அது மடியில் இருந்தது.

“முடிஞ்சுதுங்க.”

எழுதினார். எழுதிவிட்டு ஒருமுறை கடிகாரத்தைச் சரிபார்த்தார்.

அதற்குப் பிறகு இரண்டு பூ. அவை ஓரளவு சரியாக வந்தன. பொழுது இறங்கியது. அவர் எல்லா நேரத்தையும் போனில் போட்டுக் கூட்டி, ஒரு பூவுக்கு எவ்வளவு என்று வகுத்தார். பழைய நேரத்தைவிட ரொம்பத் தள்ளி நின்றது. இதைக் காட்டினால் மேனேஜர் தட்ட முடியாது என்றார். பிறகு தயங்கினார்.

“இந்த ஒரு பூ மட்டும் தனியா நிக்குதுங்க சுபா. மத்ததுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. இந்த மாதிரி ஒண்ணு வந்தா நாங்க கணக்குலேர்ந்து எடுத்துருவோம். எடுத்துரட்டுங்களா?”

கரண்ட் இல்லாததால்தான் அப்படி ஆனது என்று சொன்னேன். அப்போதுதான் கவனித்தேன், மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. எப்போது வந்தது என்று தெரியவில்லை.

அவர் என் பதிலுக்காகக் காத்திருந்தார். மடியிலிருந்த நூல் துணுக்குகளைத் தட்டிவிட்டேன்.

“எடுக்காதீங்க தம்பி” என்றார் கலாமணி அக்கா. டம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தார், நிமிரவில்லை. “கணக்குலயே இருக்கட்டும். எங்களுக்கும் அப்புடி ஒரு பூ வருமில்லீங்.”

அவர் எடுக்கவில்லை.

ஜூலை 13

கலாமணி அக்கா செக்கிங்குக்குப் போகவில்லை. “ஒரு வாரம் பாக்கறன், அப்பறந்தான்” என்றார். நூல்கண்டுகளைத் திருப்பி எடுத்துக்கொண்டார்.

மணிக்கட்டில் தைலம் தேய்த்தேன். கண்ணில் பட்டுவிட்டது. நெடுநேரம் எரிந்தது.

ஜூலை 20

புது ரேட் வந்தது. கேட்ட அளவுக்கு இல்லை. பழையதைவிட நன்றாக மேலே. யுகேந்திரன் இரண்டு நாள் பேசித்தான் கையெழுத்து வாங்கினாராம். சாம்பிள் ரூமில் வேறொருவர் சொன்னார்.

பெண்கள் மறுபடி படி வரைக்கும் உட்கார்ந்திருந்தார்கள். “செக்கிங்குல தர்றதுக்குக் கொஞ்சம் கம்மிதான்” என்றார் கலாமணி அக்கா. “மூச்சு மிச்சம். அதையும் சேத்தா கட்டுபடியாவும்.” சூப்பருவைசருக்குப் போன் போட்டு வரவில்லை என்று சொன்னார். சத்தமாகவே சொன்னார். போன் வைத்த பிறகும் கொஞ்சம் திட்டினார்.

அவருடைய இதழ்கள் இன்னும் தடிமனாகத்தான் இருக்கின்றன. அப்படியே பாஸ் செய்தேன்.

ஜூலை 29

யுகேந்திரன் வேறு யூனிட்டுக்கு மாறிவிட்டாராம். மேனேஜரோடு வாக்குவாதமா, அவரே கேட்டு வாங்கிக்கொண்டதா என்று ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். நானாகப் போய் விசாரிக்கவில்லை. யாரோ சொன்னார்கள்.

மழை இல்லை. துணி சீக்கிரம் காய்ந்தது.

ஆகஸ்ட் 3

அடுத்த ஆர்டர். கவுனுக்குக் காலர், முழுக்கக் குரோஷாவில். பூவைவிடச் சிக்கலானது. சாம்பிள் ரூமில் ஒரு புதுப் பையன் உட்கார்ந்திருந்தான். படிப்பை முடித்து இப்போதுதான் சேர்ந்திருக்க வேண்டும், சட்டைக் காலரே இன்னும் வளையவில்லை. போனைத் தயாராக நிறுத்தி வைத்திருந்தான்.

“ஒரு காலர் போடுங்க மேடம். நான் டைம் பாத்துக்கறேன்.”

ஊசியை எடுத்தேன். கை ஓடத் தயாராகத்தான் இருந்தது. பையிலிருந்து நூலை எடுக்கவில்லை.

“இங்க வேண்டாம்” என்றேன். “ஞாயித்துக்கெழம ஹவுசிங் போர்டுக்கு வாங்க. கலாமணின்னு கேட்டா ஆரும் சொல்லுவாங்க. ஒரு நாள் முழுக்க ஆகும், காலைலயே வந்துருங்க. சாப்பாடு அங்கயே போட்டுருவோம்.”

அவன் குழம்பி மேனேஜரின் அறையைப் பார்த்தான்.

“ஒரு காலர்தானுங்களே மேடம்?”

“ஆமா” என்றேன். “ஒரு காலர்தான்.”